பீடி சுற்றிய கைக்கு ரேகை நிற்காது: பி.எஃப். பென்ஷனுக்கு வீட்டிலிருந்தே லைஃப் சர்டிபிகேட் போடும் வழி

முக்கூடல் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஆச்சி நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். கத்தரி பிடித்த பெருவிரல் காய்த்துப் போயிருக்கும். இலையை உருட்டி உருட்டி மற்ற விரல்கள் வழவழவென்று ஆகிவிட்டன. ரேகை இருந்த தடமே இல்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு, பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் லைஃப் சர்டிபிகேட்டை வருஷா வருஷம் போடுவது எங்கள் வீட்டில் ஒரு பெரும் பாடு.

போன தடவை ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தோம். எலுமிச்சம்பழம் தேய்த்தோம், ஈரத்துணியால் துடைத்தோம், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம். கருவி ஒத்துக்கொள்ளவில்லை. "ஏல, நான் உசுரோட உன் முன்னாடிதான உக்காந்திருக்கேன், இந்தப் பொட்டி சொல்லித்தான் தெரியணுமாக்கும்?" என்று ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. கடைசியில் எப்படியோ ஒரு விரல் விழுந்தது. ரசீதோடு வீட்டுக்கு வந்தோம். இரண்டு மாதத்தில் பென்ஷன் நின்றுவிட்டது. படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க இன்னொரு மாதம் ஆனது.

அதற்கப்புறம்தான் ஜீவன் பிரமாண் என்ற ஆப்பில் முகத்தைக் காட்டிச் சான்று போடும் முறைக்கு மாறினோம். எங்கள் வீட்டுத் திண்ணையில், என் போனில், கால் மணி நேர வேலை. ஒரு பைசா செலவில்லை. மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம், வீரவநல்லூர் என்று இந்தப் பக்கம் பீடி சுற்றிய பெண்கள் இல்லாத தெருவே கிடையாது. வீட்டில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால் போதும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 1995 தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், அதாவது பி.எஃப். அலுவலகத்திலிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கான வழிகாட்டி. முதியோர் உதவித்தொகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஆப் இதேதான், ஆனால் தேர்ந்தெடுக்கும் பெயர்களும் கெடுத் தேதியும் வேறு.

1. கெடு என்றைக்கு என்று பாருங்கள்

"நவம்பர்ல போடணும்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்குத்தான் நவம்பர். பி.எஃப். பென்ஷனுக்கு அந்த விதி போய்ச் சில வருஷமாகிறது. வருஷத்தில் எந்த நாளிலும் போடலாம், போட்ட நாளிலிருந்து 12 மாதம் செல்லும். போன வருஷம் பிப்ரவரி 10-ல் போட்டிருந்தால் இந்த வருஷம் பிப்ரவரி 10-க்குள் அடுத்ததைப் போட்டுவிட வேண்டும்.

பழைய ரசீதைத் தேடி எடுங்கள். அதில் தேதி இருக்கும். கெடுவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே வேலையை ஆரம்பியுங்கள். ஆதாரில் ஏதாவது திருத்த வேண்டியிருந்தால் அந்த ஒரு மாதம் தேவைப்படும். நவம்பரில் மட்டும் போகாதீர்கள். அந்த மாதம் எல்லா ஓய்வூதியர்களும் மொத்தமாக வருவதால் எங்கு போனாலும் கூட்டம்.

2. காகிதங்களை ஒரு பையில் போடுங்கள்

வேண்டியவை கொஞ்சம்தான்: ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு. இந்தக் கடைசித் தாளில்தான் பி.பி.ஓ. எண் இருக்கும். ஓ.டி.பி. வருவதற்கு ஒரு மொபைல் எண்ணும் கையில் இருக்க வேண்டும்.

பி.பி.ஓ. தாளைப் பெட்டிக்கு அடியில் வைத்து, கறையான் அரித்து, கடைசியில் காணாமல் போக்கிய வீடுகள் நிறைய. எங்கள் வீடும் அதில் ஒன்று. பதறாதீர்கள். பி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்தில் ஓய்வூதியர்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் வங்கிக் கணக்கு எண்ணையோ பழைய பி.எஃப். எண்ணையோ கொடுத்தால் பி.பி.ஓ. எண்ணைக் காட்டிவிடும். பார்த்ததும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.

பாஸ்புக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வங்கிகள் இணைந்தபோது சில இடங்களில் கணக்கு எண் மாறியிருக்கிறது. பழைய பாஸ்புக்கைப் பார்த்து எண் போட்டுவிடாதீர்கள். சமீபத்தில் பதிவு போட்ட புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமான கேள்வி: ஆச்சிக்கு எத்தனை பென்ஷன்? சொந்தமாகப் பீடி சுற்றியதற்கு ஒன்று, மில்லில் வேலை பார்த்து இறந்துபோன தாத்தாவுக்கு உரிய விதவை பென்ஷன் ஒன்று என்று இரண்டு வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். இரண்டுக்கும் இரண்டு பி.பி.ஓ. எண், ஆகவே இரண்டு தடவை சான்று போட வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு "ஆள் ஒண்ணுதானே" என்று விட்டால் மற்றது நின்றுபோகும்.

3. ஆதாரைச் சரிபாருங்கள்

ஆதாரில் இருக்கும் புகைப்படத்தோடுதான் போனில் எடுக்கும் முகத்தை ஒப்பிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பஞ்சாயத்து ஆபீஸ் முகாமில் எடுத்த படம் என்றால் முகம் பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு. பல் எல்லாம் விழுந்து கன்னம் ஒட்டியிருக்கும் அல்லவா? முதலில் அப்படியே முயன்று பாருங்கள். எங்கள் ஆச்சிக்குப் பழைய படமே பொருந்திவிட்டது. நாலைந்து முயற்சியிலும் பொருந்தாவிட்டால் மட்டும் ஆதார் சேவை மையத்துக்குக் கூட்டிப்போய்ப் படத்தைப் புதுப்பியுங்கள். கைரேகை, கருவிழி, படம் புதுப்பிக்க 125 ரூபாய். பெயர், முகவரி திருத்த மட்டும் என்றால் 75 ரூபாய். 2025 அக்டோபரிலிருந்து இந்தக் கட்டணம்தான். கூடக் கேட்டால் ரசீது கேளுங்கள்.

பெயர் இன்னொரு தலைவலி. பி.பி.ஓ.வில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு இருக்கும், ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்தோடு இருக்கும். நம்மூரில் இது சகஜம். ஆப்பில் பெயர் கேட்கும் இடத்தில் ஆதாரில் உள்ளபடியே, ஒரு எழுத்தும் பிசகாமல், அதே வரிசையில் போடுங்கள். இரண்டு தாளிலும் பெயரே வேறாக இருந்தால் (மாரி என்று ஒன்றிலும் மாரியம்மாள் என்று ஒன்றிலும்) முதலில் பி.எஃப். அலுவலகத்தில் கேட்டுவிட்டு எதைத் திருத்துவது என்று முடிவு செய்யுங்கள். அவசரப்பட்டு ஆதாரைத் திருத்தினால் வங்கியில் சிக்கல் வரும்.

ஆதாரில் உள்ள ரேகை, முகம் போன்றவற்றை யாரும் பயன்படுத்த முடியாதபடி யாராவது பயோமெட்ரிக் பூட்டுப் போட்டு வைத்திருந்தால் திறந்துவிடுங்கள். பூட்டியிருந்தால் முகமும் வேலை செய்யாது.

4. போனில் இரண்டு ஆப் ஏற்றுங்கள்

ஒன்று ஜீவன் பிரமாண் ஃபேஸ் ஆப். இன்னொன்று ஆதார் ஃபேஸ் ஆர்.டி. இரண்டுமே வேண்டும். இரண்டாவதை ஏற்றியபின் போன் முகப்பில் அதன் படம் தெரியாது. "ஏறவே இல்லை" என்று நினைத்து நான் மூன்று தடவை அழித்து அழித்து ஏற்றினேன். அது பின்னாலிருந்து வேலை செய்வது, நாம் திறக்க வேண்டியதில்லை.

பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாராவது அனுப்பிய ஏ.பி.கே. கோப்பைத் தொடவே வேண்டாம். ஆர்.டி. ஆப்பை வெளியிட்டவர் பெயரில் ஆதார் ஆணையம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி பெயரில் வேறு ஆப்களும் திரியும்.

போன் ரொம்பப் பழசாக இருந்தால் சரிப்படாது. 4 ஜி.பி. ராம், 5 மெகாபிக்ஸல் கேமராவாவது இருக்கட்டும். இன்டர்நெட் நன்றாக எடுக்கும் இடமாகப் பாருங்கள். எங்கள் ஊரில் வீட்டுக்குள் ஒரு புள்ளி, திண்ணையில் மூன்று புள்ளி. ஆகவே திண்ணை.

5. 'ஆபரேட்டர்' நீங்கள்தான்

ஆப்பைத் திறந்ததும் ஆபரேட்டர் விவரம் கேட்கும். ஆபரேட்டர் என்றால் சென்டர்காரர் என்று நினைத்துப் பலர் இந்த இடத்திலேயே மூடிவிடுகிறார்கள். போனை இயக்குகிறவர்தான் ஆபரேட்டர். உங்கள் ஆதார் எண், மொபைல், மின்னஞ்சல் கொடுங்கள், ஓ.டி.பி. போடுங்கள், ஆதாரில் உள்ளபடி உங்கள் பெயரை எழுதுங்கள், உங்கள் முகத்தைக் காட்டுங்கள். அந்தப் போனில் இதை ஒரு தடவை செய்தால் போதும். அதற்கப்புறம் ஆச்சிக்கும் போடலாம், பக்கத்து வீட்டுப் பெரியம்மைக்கும் போடலாம். நான் அன்றைக்கே தெருவில் நாலு பேருக்குப் போட்டுக்கொடுத்தேன். வீட்டுக்கு வீடு காப்பி குடித்து வயிறு நிறைந்துவிட்டது.

6. படிவம்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

இப்போது பென்ஷன் வாங்குகிறவரின் ஆதார் எண்ணும் மொபைல் எண்ணும் கொடுங்கள். ஓ.டி.பி. வரும். அதைப் போட்டதும் படிவம் திறக்கும். எங்களைக் கவிழ்த்தது இந்தப் படிவம்தான், ஆகவே ஒவ்வொரு கட்டமாகச் சொல்கிறேன்.

பென்ஷன் வகை என்ற கட்டத்தில் சர்வீஸ், ஃபேமிலி என்று இரண்டு வரும். சொந்த உழைப்புக்கு வருவது சர்வீஸ். கணவர் இறந்ததற்கு வருவது ஃபேமிலி.

பென்ஷனை அனுமதித்தவர் யார் என்ற கட்டத்தில் பி.எஃப். நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அது இ.பி.எஃப்.ஓ. என்ற எழுத்துகளாலோ முழுப்பெயராலோ இருக்கும்.

அடுத்தது பென்ஷனை வழங்குகிறவர் யார் என்ற கட்டம். குழி இங்கேதான் இருக்கிறது. பணம் வங்கியில்தானே வருகிறது என்று எண்ணி வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். எங்களுக்குச் சென்டரில் நடந்தது அதுதான். வங்கி வெறும் வழி, கொடுப்பது பி.எஃப். நிறுவனம். இங்கேயும் அதே இ.பி.எஃப்.ஓ. பெயர்தான் வர வேண்டும். வங்கியைப் போட்டால் சான்று தயாராகும், ரசீதும் வரும். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய அலுவலகத்துக்குப் போகாது.

அதற்குக் கீழே எந்த அலுவலகம் என்று கேட்டால் பி.பி.ஓ. கொடுத்த அலுவலகத்தைத் தேர்ந்தெடுங்கள். திருநெல்வேலியில் வாங்கியது என்றால் திருநெல்வேலி. இப்போது தென்காசி தனி மாவட்டம் என்பதற்காகத் தென்காசியைத் தேடாதீர்கள். பி.பி.ஓ. தாளின் தலைப்பில் என்ன ஊர் இருக்கிறதோ அதுதான்.

பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் ஒருவர் வாசிக்க ஒருவர் அடியுங்கள். அடித்தபின் இடம் மாறி உட்கார்ந்து மறுபடி வாசியுங்கள். நான் அடித்ததில் ஒரு பூஜ்யம் குறைந்திருந்தது. பள்ளிக்கூடம் படிக்கும் என் தங்கைதான் கண்டுபிடித்தாள்.

மறுமணம் செய்தீர்களா, மறுபடி வேலையில் சேர்ந்தீர்களா என்று இரண்டு கேள்வி வரும். எழுபது வயதுக்காரரிடம் முதல் கேள்வியை வாசித்துக் காட்டினால் வசவு நிச்சயம். ஆனாலும் கவனமாகப் பதில் போடுங்கள். விரல் தவறி 'ஆம்' என்று விழுந்தால் விதவை பென்ஷனுக்கே ஆபத்து.

7. முகத்தைக் காட்டுதல்

காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் திண்ணையிலோ முற்றத்திலோ உட்கார வையுங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் சன்னலோ வாசலோ கூடாது. பின்னால் வெறும் சுவராக இருந்தால் நல்லது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். முக்காடு போடும் பழக்கம் உள்ளவர்கள் நெற்றியும் கன்னமும் தெரியும்படி கொஞ்சம் விலக்கிக்கொண்டால் போதும்.

திரையில் ஒரு வட்டம் வரும். முகம் அதற்குள் அடங்கியதும் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். ஆள் உயிரோடு இருக்கிறாரா, இல்லை போட்டோவைக் காட்டுகிறார்களா என்று பார்ப்பதற்காக. வயதானவர்களுக்கு இது பிடிபடாது. "சிமிட்டுங்க" என்றால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் போனை ஓரமாக வைத்துவிட்டு நீங்கள் சிமிட்டிக் காட்டுங்கள், அவர்களும் சிமிட்டட்டும். மெதுவாக மூடி மெதுவாகத் திறந்தால் சரியாக எடுக்கிறது. போனை ஆட்டாமல் கண் மட்டத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஆச்சிக்கு மூன்றாவது முயற்சியில் எடுத்தது.

8. ரசீது வந்ததோடு விடாதீர்கள்

எடுத்துக்கொண்டதும் பிரமாண் ஐடி என்று ஒரு எண் வரும், மொபைலுக்கும் செய்தியாக வரும். ஒவ்வொரு வருஷமும் புது எண்தான், பழையதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஜீவன் பிரமாண் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துச் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம்.

இந்த எண் வந்ததாலேயே வேலை முடியவில்லை. சில நாள் கழித்து, நான் முன்னால் சொன்ன பி.எஃப். ஓய்வூதியர் பக்கத்தில் ஜீவன் பிரமாண் விசாரணை என்ற பகுதியில் பி.பி.ஓ. எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே புதிய தேதி ஏறியிருந்தால்தான் சான்று போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். ஏறவில்லை என்றால் ஆறாம் படிக்குத் திரும்பி எந்தக் கட்டத்தில் தப்பு என்று பார்த்து, மறுபடி போடுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம், கட்டணம் கிடையாது.

9. வீட்டில் போன் பிடிக்க ஆள் இல்லையா?

பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் இருக்க, தனியாக இருக்கும் ஆச்சிமார் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தபால்காரர் இருக்கிறார். அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வந்து சான்று போட்டுத்தருவார். வழக்கமாக இதற்கு 70 ரூபாய். ஆனால் 2025 நவம்பரில் செய்த ஒப்பந்தப்படி பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கு இது இலவசம், செலவைப் பி.எஃப். நிறுவனமே ஏற்கிறது. உங்கள் ஊர்த் தபால்காரரிடமே சொல்லிவைக்கலாம், அல்லது 155299 என்ற எண்ணில் கூப்பிட்டுப் பதியலாம். "எனக்கு வருவது பி.எஃப். பென்ஷன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பி.எஃப். அலுவலகத்துக்கு நேரே போனாலும் இலவசம்தான். நெல்லையில் அது என்.ஜி.ஓ. பி காலனியில் இருக்கிறது. மலைப்பக்க ஊர்களிலிருந்து அவ்வளவு தூரம் வர முடியாதவர்கள், மாதம்தோறும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் நடக்கும் பி.எஃப். குறைதீர் முகாம் இந்தத் தடவை எங்கே என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 27 விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் நடக்கும்.

வங்கி, பொதுச் சேவை மையம், கம்ப்யூட்டர் சென்டர் என்று போவதானால் ஆறாம் படியில் உள்ள கட்டங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர்கள் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

10. போன் வந்தால்

"உங்க லைஃப் சர்டிபிகேட் முடிஞ்சுபோச்சு, இப்பவே சரி பண்ணித் தாரேன், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யார் கூப்பிட்டாலும் வைத்துவிடுங்கள். பி.எஃப். அலுவலகத்திலிருந்து யாரும் போனில் ஓ.டி.பி. கேட்கமாட்டார்கள். பி.பி.ஓ. எண்ணையே சரியாகச் சொல்லிப் பேசினாலும் நம்பாதீர்கள். ஆச்சியின் போன் பெரும்பாலும் பட்டன் போனாக இருக்கும், அதற்கு ஓ.டி.பி. வரும்போது யாரிடமும் வாசித்துக் காட்டக்கூடாது என்று சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் மீட்பது கஷ்டம்.

11. ஏற்கனவே பென்ஷன் நின்றுவிட்டதா?

இதே முறையில் இன்றைக்கே சான்று போடுங்கள். எங்களுக்குப் புதிய தேதி ஏறியபின் அடுத்த மாதப் பென்ஷனோடு, நின்றுபோன மாதங்களின் தொகையும் சேர்ந்தே வந்தது. நின்ற காரணம் சான்று இல்லாததுதானா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கு முடங்கியிருந்தாலும் பணம் வராது, அதை வங்கியில்தான் சரிசெய்ய வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து பி.எஃப். பென்ஷன் எந்த வங்கியின் எந்தக் கிளைக்கும் வரும் என்று ஆகிவிட்டது. ஆகவே மகள் வீட்டோடு போய்விட்ட ஆச்சிமார் பென்ஷன் கோப்பை ஊர் மாற்ற அலைய வேண்டியதில்லை.

சான்று ஏறி இரண்டு மாதம் ஆகியும் பணம் வராவிட்டால் பி.எஃப். உதவி எண் 14470-ல் கேளுங்கள், அல்லது அவர்களுடைய இணையக் குறைதீர் பக்கத்தில் புகாரைப் பதியுங்கள். புகாரில் பி.பி.ஓ. எண், பிரமாண் ஐடி, சான்று போட்ட தேதி மூன்றும் இருக்கட்டும். கூடவே பாஸ்புக்கில் கடைசியாகப் பென்ஷன் வரவான பக்கத்தைப் படமெடுத்து இணையுங்கள். அந்தப் படம் இல்லாமல் அனுப்பிய என் முதல் புகார் "விவரம் போதாது" என்று திரும்பி வந்தது.